ஈரலும் நடையும்: பால்மரக் காட்டிலிருந்து கூலிம் ஹைடெக் பூங்கா வரை

தோட்டப்புறத்துக் குடும்பங்களில் இப்பொழுது அடிக்கடி காதில் விழும் செய்தி ஒன்று உண்டு. "ஈரலில் கொழுப்பு ஏறியிருக்கிறதாம்" என்பதே அது. நீரிழிவுக்கோ இரத்த அழுத்தத்திற்கோ சுகாதார கிளினிக்கிற்குச் சென்றவரிடம், வயிற்றை ஸ்கேன் எடுத்துப் பார்த்த பின் சொல்லப்படுவது. செய்தி வீடு வந்து சேருமுன்பே அதனோடு ஒரு சந்தேகமும் வந்து சேர்ந்துவிடுகிறது. "ஏன், அவர் குடிப்பாரா?" என்று அண்டை வீட்டார் கேட்கிறார்கள். வாழ்நாளில் கள்ளையோ சம்சுவையோ மோந்தும் பாராத பாட்டியைக் குறித்துக்கூட இந்தக் கேள்வி எழுகிறது. பாவம், அந்தப் பாட்டி யாரிடம் போய்ச் சத்தியம் செய்வார்?

நேயர்களே, ஈரல் கெட்டால் அது குடியினால்தான் என்ற எண்ணம் நம்மிடையே எப்படி வேரூன்றியது? மருத்துவ உலகம் அந்த எண்ணத்திலிருந்து எப்பொழுது வெளியே வந்தது? வேகமான நடையும் அதனால் வாங்கும் மூச்சும் ஈரலின் கொழுப்பைக் குறைக்கும் என்பதை எவ்வாறு கண்டார்கள்? இவற்றையே இன்று பார்க்கப் போகிறோம். கெடா மாநிலத்துப் பால்மரக் காடுகளின் கதையும் மருத்துவத்தின் கதையும் இதில் பின்னிக் கிடக்கின்றன.

முதலில் ஈரலைப் பற்றிச் சில வார்த்தைகள். வலப்பக்க விலா எலும்புகளுக்குக் கீழே ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ எடையில் இருக்கும் உறுப்பு அது. நாம் உண்ட சோற்றிலிருந்து பிறந்த சர்க்கரையில் ஒரு பங்கைச் சேமித்து வைக்கும். மிஞ்சியதைக் கொழுப்பாக மாற்றி உடம்பின் மற்றப் பகுதிகளுக்கு அனுப்பும். அனுப்ப வேண்டியதை அனுப்ப முடியாமல் தன்னிடமே தேக்கிக்கொள்ளும்பொழுது ஈரலில் கொழுப்பு ஏறுகிறது. ஈரலின் எடையில் 100க்கு 5 பங்கிற்கு மேல் கொழுப்பு இருந்தால் அதை நோய் என்பர். வலி பெரும்பாலும் இராது. ஆகவேதான் பல ஆண்டுகள் தெரியாமலே இருந்துவிடுகிறது. பலருக்கு இது கொழுப்போடு நின்றுவிடும். சிலருக்கு மட்டும் அழற்சியாகி, தழும்பாகி, ஈரல் சுருங்கிப்போகும் நிலை வரைக்கும் செல்லும், புற்றுநோயும் தோன்றக்கூடும்.

குடிக்கும் இதற்கும் எப்பொழுதும் தொடர்பு இருந்தே தீர வேண்டும் என்பதில்லை. இதை மனிதன் மிகப் பழங்காலத்திலேயே கண்ணால் கண்டிருக்கிறான். ஆனால் வாத்திடம் கண்டான். எகிப்து நாட்டில் சக்காரா என்னும் இடத்தில் மெரெருக்கா என்ற அமைச்சரின் கல்லறை இருக்கிறது. நாலாயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழமை உடையது. பறவைகளின் வாயில் தீனியைத் திணித்து ஊட்டும் காட்சி அதன் சுவர்களில் செதுக்கப்பட்டிருக்கிறது. பின்னர் ரோமானியர்கள் வாத்துகளுக்கு அத்திப்பழத்தை ஊட்டி அவற்றின் ஈரலைக் கொழுக்க வைத்தனர். இத்தாலிய மொழியிலும் பிரெஞ்சு மொழியிலும் ஈரலைக் குறிக்கும் சொற்களே அத்திப்பழத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் வழி வந்தவைதாம். அந்த வாத்து ஒரு நாளும் கள் குடித்ததில்லை. மாவும் இனிப்பும் அளவுக்கு மேல் உள்ளே போயின. கூட்டில் அடைபட்டதால் நடையும் பறப்பும் இல்லாமற் போயின. ஈரல் பல மடங்கு பருத்தது.

இதில் வியப்பான இன்னொரு பக்கமும் உண்டு. நெடுந்தூரம் வலசை போகும் நீர்ப்பறவைகள் சில, புறப்படுமுன் வயிறாரத் தின்று ஈரலிலும் உடம்பிலும் கொழுப்பைச் சேர்த்துக்கொள்கின்றன. நூற்றுக்கணக்கான மைல் பறக்கும்பொழுது அந்தக் கொழுப்பே எரிபொருளாகிச் செலவாகிவிடுகிறது. சேர்ப்பதும் செலவழிப்பதும் இயற்கையின் கணக்கில் இருக்கின்றன. சேர்த்துவிட்டுப் பறக்காமல் இருப்பதுதான் கணக்கில் இல்லாதது.

சரி, அப்படியானால் நம் மக்கள் ஈரலையும் குடியையும் ஏன் ஒன்றாகவே எண்ணினார்கள்? காரணம் இல்லாமல் இல்லை. மலாயாத் தோட்டங்களில் லயன் வீடுகளுக்கும் கோயிலுக்கும் பள்ளிக்கூடத்திற்கும் பக்கத்திலேயே கள்ளுக்கடையும் இருந்தது. அரசாங்கத்தின் உரிமம் பெற்ற கடை. கூலி கொடுத்த கையே கடையையும் திறந்து வைத்தது என்று சொன்னால் மிகையாகாது. சம்பள நாளன்று வெள்ளிக்காசு வீட்டுக்குப் போகுமுன் கடைக்குப் போயிற்று. வயிறு வீங்கி, கண் மஞ்சளாகி மாண்டவர்களைத் தோட்டத்து டிரசரும் கண்டார், அண்டை வீட்டாரும் கண்டனர். மது உடம்புக்குள் வந்தால் ஈரல் மற்ற வேலைகளை ஒதுக்கிவிட்டு அதை எரிப்பதிலேயே முனைகிறது. கொழுப்பை எரிக்கும் வேலை தடைப்படுகிறது; கொழுப்பு தேங்குகிறது. ஆகவே நம் முன்னோர் கண்டது பொய்யன்று.

அதை எதிர்த்து எழுந்ததும் இந்தக் கெடா மண்தான். இரண்டாம் உலகப் போர் முடிந்த பின், 1946, 1947ஆம் ஆண்டுகளில், பீடோங் அருகிலுள்ள ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி என்பவரின் தலைமையில் தொண்டர் படை என்ற இயக்கம் கிளம்பியது. இந்திய தேசிய இராணுவத்தின் கட்டுப்பாடும் அணிவகுப்பும் அன்றைய இளைஞர்களின் நினைவில் பசுமையாக இருந்த காலம் அது. தொண்டர்கள் சீருடை அணிந்து அணிவகுத்தனர். தோட்டம் தோட்டமாகச் சென்று கள்ளுக்கடைகளை மூடச் சொல்லி மறியல் செய்தனர். 1947ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கூலிம் பகுதியின் டப்ளின் தோட்டத்திலும் பின்னர் பீடோங்கிலும் போலீசாரோடு மோதல் ஏற்பட்டது. தொழிலாளர் உயிரிழப்பும் கைதுகளும் நிகழ்ந்தன. கூலிக்கான போராட்டமும் மானத்துக்கான போராட்டமும் அதில் கலந்திருந்தன என்பதை மறந்துவிடக் கூடாது. குடியை ஒழிக்க உயிர் கொடுத்த ஒரு சமுதாயம், ஈரல் நோய் என்றவுடன் குடியை நினைப்பதில் வியப்பில்லை. எனினும் அந்த நியாயமான வெறுப்பே இன்று குடிக்காதவர் தலையில் பழியாக விழுகிறது.

மருத்துவர்களும் நெடுங்காலம் இதே எண்ணத்தில்தான் இருந்தனர். 1836ஆம் ஆண்டில் இலண்டன் கைஸ் மருத்துவமனையைச் சேர்ந்த தாமஸ் அடிசன் என்பவர் கொழுப்பேறிய ஈரலை விரிவாக வருணித்தார். குடிப்பழக்கத்தோடு அதைச் சேர்த்துச் சொன்னார். அதற்கு அடுத்த நூறு ஆண்டுகளில் மாறான சான்றுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக வந்துகொண்டிருந்தன.

அவற்றுள் ஒன்று நம் நாட்டோடு தொடர்புடையது. செசிலி வில்லியம்ஸ் என்னும் பெண் மருத்துவர் ஜமைக்காவில் பிறந்தவர். 1930களில் ஆப்பிரிக்காவின் கோல்டு கோஸ்ட்டில், அதாவது இன்றைய கானாவில், பணியாற்றியபொழுது, புரதச்சத்துக் குறைவால் குழந்தைகளின் உடம்பு வீங்கும் குவாசியோர்க்கர் என்ற நோயை உலகுக்கு எடுத்துரைத்தார். அந்தப் பச்சிளங் குழந்தைகளின் ஈரலிலும் கொழுப்பு நிறைந்திருந்தது. 1936ஆம் ஆண்டில் அவர் மலாயாவுக்கு மாற்றப்பட்டார். தாய்ப்பாலுக்குப் பதிலாக இனிப்பூட்டிய டின்பாலைக் குழந்தைகளுக்குக் கொடுக்கும் வழக்கத்தைக் கண்டு கொதித்தார். 1939ஆம் ஆண்டில் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் 'பாலும் கொலையும்' என்ற பொருள்படும் தலைப்பில் அவர் ஆற்றிய உரை புகழ் பெற்றது. ஜப்பானியர் காலத்தில் சாங்கிச் சிறையிலும் வாடினார். குடியே அறியாத குழந்தையின் ஈரலிலும் கொழுப்பு ஏறும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா? அவர் கண்டித்த அந்த இனிப்பு டின்பால் இன்றும் நம் தே தாரிக் குவளையின் அடியில் கெட்டியாகப் படிந்திருப்பதையும் சொல்லிவிட்டு மேலே செல்வோம்.

1952ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஸெல்மன், பருத்த உடம்பினரின் ஈரலை ஆராய்ந்து கட்டுரை எழுதினார். நாளொன்றுக்கு இருபதுக்கும் மேற்பட்ட போத்தல் சர்க்கரைக் குளிர்பானம் அருந்திய ஒரு மருத்துவமனை ஊழியரின் ஈரல் பழுதடைந்திருந்ததே அவர் கவனத்தை இத்திசையில் திருப்பியது. கடைசியாக 1980ஆம் ஆண்டில், அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ஜூர்கன் லுட்விக் என்பவரும் அவருடைய குழுவினரும் 20 நோயாளிகளைப் பற்றி எழுதினர். ஈரலின் துணுக்கை நுண்பெருக்கியில் பார்த்தால் பெருங்குடியரின் ஈரலைப் போலவே இருந்தது. ஆனால் அவர்கள் குடிகாரர் அல்லர். பெண்களே அதிகம், பலர் சற்றுப் பருத்தவர்கள், பலருக்கு நீரிழிவும் பித்தப்பைக் கல்லும் இருந்தன. அதுவரை பெயரில்லாத நோய் என்று கட்டுரையின் தலைப்பிலேயே குறித்து, அதற்குப் பெயரும் இட்டார்கள். மதுவால் வராத ஈரல் அழற்சி என்பது அதன் பொருள். பெயர் வைப்பது சிறு காரியமாகத் தோன்றலாம். அதற்கு முன் எத்தனை பெண்கள் மருத்துவரின் எதிரில் அமர்ந்து, குடிப்பதில்லை என்று சொல்லியும் நம்பப்படாமல் திரும்பியிருப்பார்கள் என்று எண்ணினால் அதன் அருமை விளங்கும். 2023ஆம் ஆண்டில் இப்பெயரும் மாற்றப்பட்டது. மதுவைக் குறிப்பிடாமல், உடம்பு சர்க்கரையையும் கொழுப்பையும் கையாளும் முறையில் ஏற்பட்ட கோளாற்றைக் குறிப்பிடும் பெயரே இப்பொழுது வழங்குகிறது.

நோயின் கதை இவ்வாறிருக்க, உழைப்பின் கதைக்கு வருவோம்.

பால்மரம் வெட்டிய ஒரு பெண்ணின் காலைப்பொழுதை நினைத்துப் பாருங்கள். விடியுமுன் பெரட்டில் நின்று, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரையில் இறங்குவார். அவருக்கு 400, 500 மரங்கள் ஒதுக்கப்பட்டிருக்கும். ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்திற்கு 5 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 500 மரத்திற்கு இரண்டரைக் கிலோமீட்டர். வெட்டியதோடு முடிந்ததா? மங்கில் வழிந்த பாலைச் சேர்க்க அதே நிரையில் மீண்டும் ஒரு சுற்று. ஆக 5 கிலோமீட்டர். மேடும் பள்ளமும், வழுக்கும் மண்ணும், குனிந்தும் நிமிர்ந்தும் செய்யும் வேலையும் தனி. பின்னர் காண்டாக் கம்பின் இரு முனையிலும் நிறைந்த வாளிகளைத் தொங்கவிட்டுக்கொண்டு பால் நிறுக்கும் இடம் வரை நடை. வீடு திரும்பினால் தண்ணீர் எடுக்கவும் விறகு பொறுக்கவும் மறுபடி நடை. அந்த உழைப்புக்கு ஏற்ப ஒரு தட்டு நிறையச் சோறும் கருவாடும் பருப்பும் தேவைப்பட்டன. உண்டது அன்றன்றே எரிந்தது.

பழைய காலத்தைப் பொற்காலமாக்குவதற்காக இதைச் சொல்லவில்லை. மலேரியாவும் இரத்தச் சோகையும் அட்டைக்கடியும் குறைந்த கூலியும் அந்த உடம்புகளை அரித்தன. யாரும் அந்த நடையை விரும்பி நடக்கவில்லை. ஆனாலும் அந்த நடைக்குள் ஒரு காப்பு ஒளிந்திருந்தது என்பதை, இலண்டன் நகரத்துப் பேருந்துகளை ஆராய்ந்த ஒருவரின் வழியாகவே உலகம் அறிந்தது.

அவர் பெயர் ஜெரி மாரிஸ். இலண்டனில் ஓடிய இரட்டை மாடிப் பேருந்துகளில் ஓட்டுநரும் நடத்துநரும் ஒரே வகுப்பினர், ஒரே மாதிரி வீடுகளில் வாழ்பவர். ஓட்டுநர் நாள் முழுதும் உட்கார்ந்திருப்பார். நடத்துநரோ ஒரு நாள் வேலையில் 500 முதல் 750 படிகள் வரை ஏறி இறங்குவார். ஓட்டுநர்களைவிட நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாக வந்தது. வந்தாலும் வயது முதிர்ந்த பின், கடுமை குறைந்து வந்தது. 1953ஆம் ஆண்டில் லான்செட் என்னும் மருத்துவ இதழில் இது வெளியாயிற்று. நடந்து கடிதம் கொடுக்கும் தபால்காரரையும் மேசையில் அமர்ந்திருக்கும் எழுத்தரையும் ஒப்பிட்டபொழுதும் அதே விடைதான். நம் தோட்டத்தில் ஆராய்ந்திருந்தால் மரம் வெட்டுபவரையும் ஆபீஸ் கிராணியையும் ஒப்பிட்டிருப்பார்கள். நாற்காலி கௌரவம், காட்டு நடை கஷ்டம் என்றுதான் நாமும் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்தோம். அதில் தவறும் இல்லை. நாற்காலிக்கும் ஒரு விலை உண்டு என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை. மாரிஸ் 99 வயது வரை வாழ்ந்து 2009இல் மறைந்தார்.

அமெரிக்க விமானப்படை மருத்துவரான கென்னத் கூப்பர் 1968ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். அதன் பெயரால்தான் ஏரோபிக் என்ற சொல் ஊரெங்கும் பரவியது. மூச்சில் வாங்கும் பிராணவாயுவைக் கொண்டு தசைகள் சர்க்கரையையும் கொழுப்பையும் எரித்து, இடைவிடாது நெடுநேரம் செய்யும் இயக்கம் என்பது அதன் கருத்து. வேக நடை, சைக்கிள், நீச்சல், மெதுவோட்டம் எல்லாம் இதில் அடங்கும். பளுவைத் தூக்கி உடனே இறக்குவது இதில் சேராது.

இனிக் கூலிமுக்கு வருவோம். 1972ஆம் ஆண்டில் பினாங்கின் பாயான் லெப்பாசில் தடையற்ற வாணிப வட்டாரம் தொடங்கியபொழுதே தோட்டத்துப் பெண்பிள்ளைகள் மின்னணு ஆலைகளுக்குச் செல்லத் தொடங்கினர். 1996ஆம் ஆண்டில் கூலிம் ஹைடெக் பூங்கா அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்டது. ரப்பரும் செம்பனையும் சூழ்ந்த வட்டாரத்தில் அகன்ற சாலைகளும் குளிரூட்டப்பட்ட ஆலைகளும் எழுந்தன. இன்டெல், சில்டெரா, இன்ஃபினியோன் போன்ற நிறுவனங்கள் வந்தன. பாடாங் செராய், லூனாஸ், கூலிம் தோட்டங்களில் வளர்ந்த பிள்ளைகள் பலர் தாமான் வீடுகளுக்குக் குடிபெயர்ந்தனர். மாதச் சம்பளம் வந்தது. மழை பெய்தால் வேலையில்லை என்ற நிலை போயிற்று. இது முன்னேற்றம்தான், ஐயமில்லை.

ஆனால் கால்களுக்கு என்ன ஆயிற்று? ஆலைப் பேருந்து வீட்டுச் சந்திக்கே வருகிறது. இல்லையேல் மோட்டார் சைக்கிள். உள்ளே உடம்பெல்லாம் மூடும் அங்கி அணிந்து, இயந்திரத்தின் முன் பல மணி நேரம் நிற்பது அல்லது உட்காருவது. நின்றால் கால் கடுக்கும், உடம்பு களைக்கும். களைப்பு வேறு, மூச்சு வாங்கும் இயக்கம் வேறு என்பதை நேயர்கள் நன்கு மனத்தில் பதிக்க வேண்டும். "நாள் முழுக்க நின்றே வேலை செய்கிறேன், இதற்கு மேல் நடையா?" என்று கேட்பவருக்கு இதுவே விடை. நிற்கும் தசை கொழுப்பை அதிகம் கேட்பதில்லை. இதற்கிடையில் தட்டில் சோற்றின் அளவு மட்டும் பாட்டியின் காலத்து அளவாகவே நின்றுவிட்டது. இரவு ஷிப்டு முடிந்து ரொட்டி சானாயும் இனிப்புத் தேயும் சேர்ந்துகொண்டன. சர்க்கரையின் ஒரு பாதியான பழச்சர்க்கரையைப் பெரும்பாலும் ஈரலே கையாள்கிறது. மிஞ்சினால் அதைக் கொழுப்பாக்குவதும் ஈரலே.

நம் இனத்தாருக்கு இதில் தனிக் கவலையும் உண்டு. 2019ஆம் ஆண்டு மலேசிய தேசிய சுகாதார ஆய்வில், பெரியவர்களுள் 100க்கு 18 பேருக்கு நீரிழிவு காணப்பட்டது. இந்தியர்களுள் மட்டும் பார்த்தால் 100க்கு 31 பேர். நீரிழிவும் கொழுப்பு ஈரலும் ஒன்றையொன்று வளர்க்கும் நோய்கள். சென்னை நகரில் நடந்து 2009இல் வெளியான ஆய்வு ஒன்று, பரிசோதிக்கப்பட்டோரில் 100க்கு 32 பேருக்குக் கொழுப்பு ஈரல் இருப்பதைக் கண்டது. ஒல்லியானவர்கள் "நமக்கேது கொழுப்பு" என்று இருந்துவிடவும் முடியாது. 2004ஆம் ஆண்டில் லான்செட் இதழில் இரு மருத்துவர்களின் படம் வந்தது. ஒருவர் புனே நகரத்து யாஜ்னிக். மற்றவர் இலண்டனின் யூட்கின். உயரத்துக்கேற்ற எடைக் கணக்கில் இருவரும் ஒன்றே, 22.3. ஆனால் உடம்பிலுள்ள கொழுப்பு யூட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம்! பார்வைக்கு மெலிந்த நம்மவர் உடம்பில் கொழுப்பு மறைந்து வாழும் என்பதை அந்த ஒரு படமே எடுத்துக்காட்டியது.

நடந்தால் ஈரலில் என்ன நடக்கிறது? வேகமாக நடக்கும்பொழுது தொடையும் கெண்டைக்காலும் எரிபொருள் கேட்கின்றன. முதலில் இரத்தத்திலுள்ள சர்க்கரையையும், அதோடு கொழுப்பையும் எடுத்துக்கொள்கின்றன. இயங்கும் தசை இன்சுலினின் உதவி குறைவாக இருந்தாலும் சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும். நடை முடிந்த பின்னும் ஓரிரு நாள் இன்சுலினின் சொல்லுக்கு நன்கு செவி சாய்க்கும். சர்க்கரை தசைக்குள் போய்விட்டால் ஈரலுக்கு வந்து கொழுப்பாக மாறும் பங்கு குறைகிறது. ஈரலும் தன்னிடமுள்ள கொழுப்பை எரிக்க நேரம் பெறுகிறது. இந்தப் பயன் ஓரிரு நாளில் தேய்ந்துவிடுவதால், ஞாயிற்றுக்கிழமை ஒரே நாளில் மொத்தமாக நடப்பதைவிட ஒரு நாள் விட்டு ஒரு நாளாவது நடப்பது மேல்.

இதைச் சோதித்தும் பார்த்தார்கள். 2009ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் சிட்னியில், உடற்பயிற்சிப் பழக்கமில்லாத பருத்த உடம்பினர் 19 பேரை வைத்து நடந்த சோதனையில், ஒரு சாரார் வாரம் 3 முறை, 30 முதல் 45 நிமிடம் வரை நிலைச் சைக்கிள் மிதித்தனர். நாலே வாரம். எடை குறையவில்லை. ஆனால் ஈரலின் கொழுப்பில் 21 சதவீதம் குறைந்திருந்தது. தராசு முள் அசையாததைக் கண்டு மனம் உடைந்து பயிற்சியை விட்டுவிடுவோர் எத்தனை பேர்! தராசு காட்டாததை ஈரல் அறிந்திருக்கிறது.

சீனாவின் சியாமென் நகரில் 220 பேரைக் கொண்டு ஓர் ஆண்டு நடத்திய பெரிய சோதனை 2016இல் வெளிவந்தது. ஒரு பிரிவினர் வாரம் 150 நிமிடம் ஓடினர். ஒரு பிரிவினர் அதே நேரம் வேகமாக நடந்தனர். மூன்றாம் பிரிவினர் வழக்கம்போல் இருந்தனர். ஆறு மாத முடிவில், சும்மா இருந்தவர்களோடு ஒப்பிட, ஓடியவர்களின் ஈரற் கொழுப்பு 5.0 புள்ளியும் நடந்தவர்களுடையது 4.2 புள்ளியும் குறைந்திருந்தன. இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை என்றே ஆய்வாளர் முடிவு கட்டினர். ஆனால் இங்கே அவர்கள் இன்னொன்றும் சொன்னார்கள்: பயனில் பெரும்பகுதி எடை குறைந்ததால் வந்தது என்று. சிட்னியோ எடை குறையாமலே பயன் என்றது. எது சரி? இரண்டுமே பயிற்சியின் பக்கம்தான் பேசுகின்றன என்பது எங்கள் கருத்து. எடை குறைந்தால் பயன் பெரிது. குறையாவிட்டாலும் பயன் உண்டு. 2023இல் 14 சோதனைகளையும் அவற்றிலிருந்த 551 பேரையும் சேர்த்துக் கணக்கிட்டபொழுது, மருத்துவர் மதிக்கத்தக்க அளவுக்கு ஈரற் கொழுப்பு குறையும் வாய்ப்பு, பயிற்சி செய்தவர்களுக்கு மூன்றரை மடங்கு அதிகமாக இருந்தது.

நடையால் ஆகாததும் உண்டு. ஈரல் முழுவதும் தழும்பாகிச் சுருங்கிவிட்டால் நடந்து அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது. குடிப்பவர் குடியை விடாமல் நடந்தால் ஒரு கையால் அள்ளி மறு கையால் கொட்டுவது போலத்தான். அரைக் கிலோமீட்டர் நடந்துவிட்டுப் போண்டாவும் இனிப்புத் தேயும் உட்கொண்டால் வரவே செலவை மிஞ்சும். 2024ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் அமெரிக்காவில் ரெஸ்மெடிரோம் என்ற மருந்துக்கு அனுமதி கிடைத்தது. ஈரலில் தழும்பு கண்டவர்களுக்கென்று அனுமதிக்கப்பட்ட முதல் மருந்து அது. உணவுக் கட்டுப்பாட்டோடும் உடற்பயிற்சியோடும் சேர்த்தே உட்கொள்ள வேண்டும் என்று அந்த அனுமதியிலேயே எழுதியிருக்கிறது. இன்னொன்று: கொழுப்பு ஈரல் உடையவர்களுள் பலரை இறுதியில் கொண்டுபோவது ஈரலன்று, இதயம். மாரிஸ் பேருந்துப் படிகளில் கண்ட பாடம் இங்கும் வந்து நிற்கிறது.

எவ்வளவு வேகம் வேண்டும் என்று கேட்பீர்கள். நிமிடத்திற்கு 100 அடிக்குக் குறையக் கூடாது. பக்கத்தில் வருபவரோடு பேச முடிய வேண்டும்; பாட்டுப் பாட முடியக் கூடாது. வாரத்திற்கு 150 நிமிடம். இரவு ஷிப்டு முடிந்து வருகிறவர் உறங்கி எழுந்த பின், அடுத்த வேலைக்குப் புறப்படுமுன் 20, 30 நிமிடம் நடக்கலாம். ஓய்வு நாள்களில் கூடுதலாக நடக்கலாம். ஒரே தொடர்ச்சியாக முடியாதவர் 10, 10 நிமிடமாகப் பிரித்துக்கொள்ளலாம். முழங்கால் வலி உள்ள அத்தைமார்களுக்குச் சைக்கிள் நல்லது. நெஞ்சுவலி உள்ளவர், இன்சுலின் போடுபவர், காலில் புண் உள்ளவர் ஆகியோர் தொடங்குமுன் மருத்துவரைக் கண்டு பேசிவிட வேண்டும். தோட்டத்தில் இன்னும் இருப்பவர்களுக்கு மாலையில் செம்மண் சாலையும் பள்ளித் திடலும் இருக்கின்றன. பெண்கள் தனியே நடக்கத் தயங்கினால் நாலைந்து பேராகச் சேர்ந்து போகலாம். கோயிலுக்குப் போவதையே சுற்று வழியாகப் போகலாம்.

நடந்த நாள்களை வீட்டுக் காலண்டரில் பென்சிலால் குறித்து வாருங்கள். மறு பரிசோதனைக்குப் போகும்பொழுது அதையும் கையோடு கொண்டு செல்லுங்கள். குடிப்பழக்கம் உண்டா என்று மருத்துவர் அப்பொழுதும் கேட்பார். எவ்வகை ஈரல் நோய் என்று பிரித்தறிய அவர் கேட்டே ஆக வேண்டிய கேள்வி அது. பழி சுமத்துவதாக எண்ண வேண்டா. குடிப்பவர் அளவைச் சொல்லட்டும், குடிக்காதவர் இல்லை என்று சொல்லட்டும். அதன் பின் காலண்டரை எடுத்து மேசைமேல் வையுங்கள்.